திருவரங்கம் மீண்ட நம்பெருமாளும் மார்கழிப் பெருவிழாவும்



மார்கழியும் தையும் முன்பனிக் காலம் என்பது தமிழர் வகுத்த பருவ முறை. வைகறைப் பனியைப் பொருட்படுத்தாது, நீராடி, திருமண் இட்டு, குழந்தையைத் தோளில் சுமந்துகொண்டு, திருவரங்கத்தில் பரமபத வாசல் திறக்கும் நேரத்திற்காகக் காத்து நிற்கும் அடியார் கூட்டத்தைக் கண்டவர்கள் அக்காட்சியை மறக்க மாட்டார்கள். இரத்தினாங்கி ஒளிவீச, பாண்டியன் கொண்டையும் கிளிமாலையும் அணிந்து நம்பெருமாள் அவ்வாசலைக் கடந்து எழுந்தருளுகின்றார். அந்த ஒரு நொடிக்காக இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் அதன்பின் களைப்பையே அறிவதில்லை.

இவ்வாறு எழுந்தருளும் பெருமாள், ஒரு காலத்தில் இத்திருநகரை விட்டுப் பிரிந்து நெடுந்தொலைவு சென்று, 48 ஆண்டுகள் கழித்தே மீண்டும் தம் ஊருக்கு வந்தவர் என்பதை இன்று சேவிக்க வருவோரில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றனர்? ஊரை விட்டுச் சென்றவர் திரும்பி வருவது ஒன்று. திரும்பி வந்த ஊரில் பழைய விழா மீண்டும் நடப்பது மற்றொன்று. முதலாவது ஒரு நாளில் நிகழ்ந்துவிடும். இரண்டாவது அத்தனை எளிதன்று.

1323ஆம் ஆண்டு. தில்லியிலிருந்து உலூக்கான் தலைமையில் வந்த படை திருவரங்கத்தை நெருங்கிற்று. இவரே பின்னாளில் முகம்மது பின் துக்ளக் என்ற பெயரில் அரியணை ஏறியவர். படை வருகின்றது என்ற செய்தி கேட்டதும், ஆசாரியப் பெருமக்களில் மூத்தவராகிய பிள்ளை லோகாசாரியர், தள்ளாத முதுமையிலும், அழகிய மணவாளன் என்னும் உற்சவத் திருமேனியை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டார். மூலவராகிய பெரிய பெருமாளைக் கல்திரையிட்டு மறைத்தனர். தாயார் திருமேனியை வில்வ மரத்தடியில் மறைத்து வைத்தனர் என்பர். ஊரில் தங்கிய அடியார்கள் பலர் உயிர்நீத்தனர். வேதாந்த தேசிகர், சுதர்சன சூரி இயற்றிய சுருதப்பிரகாசிகை என்னும் அரிய உரையின் சுவடிகளையும், அச்சூரியின் இரு புதல்வர்களையும் காப்பாற்றிக்கொண்டு வெளியேறினார். ஒருவர் இறைவன் திருமேனியைக் காத்தார். மற்றொருவர் நூலையும் பிள்ளைகளையும் காத்தார். இவ்விருவரில் எவர் செயல் பெரிது என்று கேட்பது வீண்.

பிள்ளை லோகாசாரியர் வெகுதூரம் செல்லவில்லை. மதுரையை அடுத்த யானைமலைப் பக்கம் ஜோதிஷ்குடி என்னும் சிற்றூரில் திருநாடு அலங்கரித்தார். அதன்பின் திருமேனி அழகர்மலை, மலைநாடு, கோழிக்கோடு, மேல்நாட்டுத் திருநாராயணபுரம் என்று ஊர் ஊராகச் சென்று இறுதியில் திருவேங்கட மலைப் பக்கம் அடைந்தது. உடன் சென்றவர்கள் வழியிலே ஒவ்வொருவராகக் குறைந்து, முடிவில் கொடவர் எனப்பட்ட மூவரே எஞ்சினர் என்றும், அவர்கள் காட்டுக் கொடிகளைக் கயிறாகத் திரித்து மலைச்சரிவில் இறங்கி அங்கே பெருமாளை மறைத்து வைத்துக் காத்தனர் என்றும் கோயிலொழுகு கூறும். திருமலையில் சிறிது காலம் அவர் எழுந்தருளியிருந்த இடம் இன்றும் ரங்கநாயக மண்டபம் என்றே வழங்குகின்றது. திருமலைக்குச் செல்லும் அன்பர்களில் பலர் அம்மண்டபத்தைக் கடந்தே செல்கின்றனர். பெயர்க் காரணம் கேட்பவர் சிலரே.

வேதாந்த தேசிகர் சத்தியமங்கலத்தில் தங்கியிருந்த காலத்தில் அபீதிஸ்தவம் என்னும் தோத்திர நூலை அருளிச்செய்தார். அபீதி என்றால் அச்சமின்மை. திருவரங்கத்தில் அடியார்கள் அச்சம் நீங்கி முன்போல் வாழவேண்டும் என்பதே அதில் அவர் வேண்டிய வரம். ஊரைப் பிரிந்த ஒருவர் தமக்கென்று ஒன்றும் கேளாது, ஊருக்காக வேண்டிய வேண்டுகோள் அது.

விசயநகரப் பேரரசு எழுந்தது. குமார கம்பணர் தெற்கே படை நடத்தி மதுரையை மீட்டார். அவருடைய தேவியாகிய கங்காதேவியார் அவ்வெற்றியை மதுரா விஜயம் என்னும் வடமொழிக் காவியமாகப் பாடினார். கம்பணரிடம் உயர் அலுவலராயிருந்த கோபணாரியர் செஞ்சியில் இருந்துகொண்டு, பெருமாளைத் திருமலையிலிருந்து எழுந்தருளச் செய்து, அருகிலுள்ள சிங்கவரத்தில் வைத்துப் பேணினார். பின் கண்ணனூரில் இருந்த பகைப்படையை வென்று, 1371ஆம் ஆண்டில் திருவரங்கத்திற்கு எழுந்தருளப் பண்ணினார். இதனைச் சக ஆண்டு 1293 என்று குறிக்கும் வடமொழிக் கல்வெட்டு, திருக்கோயிலின் இராசமகேந்திரன் திருச்சுற்றின் கிழக்குச் சுவரில் இன்றும் உள்ளது.

படைகளின் கதை இவ்வளவே போதும். இனி நிகழ்ந்ததே உள்ளத்தை உருக்குவது.

பெருமாள் வந்தார். ஆனால் அவரை அடையாளம் காண்பதற்கு ஊரில் ஆளில்லை. 48 ஆண்டுகள் என்பது சிறிய காலமன்று. அவர் புறப்பட்டபோது பத்து வயதுச் சிறுவனாக இருந்தவனுக்கு இப்போது 58 வயது. அன்று கைங்கரியத்தில் இருந்த பெரியவர்களில் எவரும் இல்லை. போதாக்குறைக்கு, இடைக்காலத்தில் வேறொரு திருமேனி செய்து எழுந்தருளப் பண்ணப்பட்டு, அதற்கே பூசைகள் நடந்து வந்தன. அத்திருமேனியைச் சேவித்துப் பழகிய கண்களுக்கு வந்தவர் புதியவராகத் தோன்றினார். வந்தவர் தாம் பழைய அழகிய மணவாளன் என்பதற்குச் சான்று என்ன? ஊரார் கேட்டதில் தவறில்லை.

இதனை வெறும் பழங்கதையாகக் கொள்ளலாகாது. பிழைப்பின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டுச் சென்று, முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருகின்றவர்கள் இன்றும் பலர். வாழ்ந்த வீட்டில் வேறு குடும்பம் இருக்கும். தெருமுனைக் கடைக்காரர், யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்பார். பெயரைச் சொன்னாலும், தந்தையார் பெயரைச் சொன்னாலும் விளங்காது. சொந்த ஊரிலேயே விருந்தாளியாக நிற்கும் அந்த நிலை எத்தகைய துயரம் என்பது அவ்வாறு நின்றவர்களுக்கே தெரியும். அந்த நிலையைத் திருவரங்கத்துப் பெருமாளும் ஏற்றார்.

அப்போது ஒருவர் நினைவுக்கு வந்தார். முன்னாளில் பெருமாளின் பரிவட்டங்களைத் துவைத்துத் தரும் தொண்டு செய்துவந்த ஈரங்கொல்லி. வண்ணார் குலத்தவர். தொண்ணூறு வயதைக் கடந்தவர், கண்பார்வையும் அற்றவர். கண் தெரியாதவரைக் கொண்டா திருமேனியை அடையாளம் காண்பது என்று சிலர் நகைத்திருக்கவும் கூடும். அம்முதியவரோ, பார்க்க வேண்டியதில்லை, இரு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்து ஈரவாடைத் தீர்த்தத்தைத் தாருங்கள் என்றார். பெருமாளின் ஈர ஆடையைப் பிழிந்து அந்நீரைப் பருகிய பின்னரே துவைப்பது அவருடைய பழைய வழக்கம். தந்தார்கள். ஒன்றைப் பருகினார். மற்றொன்றைப் பருகினார். கத்தூரியும் கருப்பூரமும் கமழ்ந்த பழைய மணத்தை நாவும் நாசியும் உணர்ந்த அக்கணமே, இவரே நம்பெருமாள் என்று கண்ணீர் பெருக உரைத்தார்.

அன்றுமுதல் அழகிய மணவாளனுக்கு நம்பெருமாள் என்னும் திருநாமமே நிலைத்தது என்பது கோயில் வழக்கு. வேதம் வல்லாரும் ஆகமம் அறிந்தாரும் நிறைந்த ஊரில், பெருமாளை அடையாளம் காட்டியவர் ஆடை வெளுக்கும் ஒரு தொண்டர். அவர் நூல் கொண்டு அறியவில்லை. நாள்தோறும் செய்த பணியினால் அறிந்தார். கையால் செய்த தொண்டு கண் போன பின்னும் மறக்கவில்லை.

மற்றொன்றையும் கூறவேண்டும். இடைக்காலத்தில் எழுந்தருளியிருந்த திருமேனியைத் திருவரங்கத்தார் அகற்றிவிடவில்லை. இல்லாத காலத்தில் இருந்து காத்தவர் அல்லவா? திருவரங்க மாளிகையார் என்ற திருநாமத்தோடு அவர் இன்றும் கருவறையில் எழுந்தருளியிருக்கின்றார். யாகசாலை முதலியவற்றிற்கு எழுந்தருளுபவர் அவரே. திரும்பி வந்தவருக்கு இடம் கொடுத்தபோது இருந்தவரின் இடத்தைப் பறிக்காத இப்பண்பு, ஈரங்கொல்லியின் கதைக்குச் சற்றும் குறைந்ததன்று. ஆயினும் சொற்பொழிவுகளில் இது பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றது.

பெருமாள் மீண்டு வந்தது கோடையில், வைகாசித் திங்களில் என்று கூறுவர். பின் மாதங்கள் கழிந்து, பனி இறங்கி, மார்கழி வந்தது. மார்கழி வந்தால் திருவரங்கத்திற்கு அத்யயன உற்சவம் என்று பொருள். திருமங்கையாழ்வார் தொடங்கி வைத்து, நாதமுனிகள் நாலாயிரத்திற்கும் விரிவாக்கிய விழா அது. பகல்பத்து, இராப்பத்து என இருபது நாட்கள். முன்னே திருநெடுந்தாண்டகம், பின்னே இயற்பா. பகல்பத்தில் அர்ச்சுன மண்டபத்தில் முதலாயிரமும் பெரிய திருமொழியும். வைகுண்ட ஏகாதசிக்கு முன்னாள் நாச்சியார் திருக்கோலம். ஏகாதசி முதல் ஆயிரங்கால் மண்டபத்துத் திருமாமணி மண்டபத்தில் திருவாய்மொழி.

இவ்விழாவுக்கு வேண்டியவை யாவை என்று எண்ணிப் பார்த்தால்தான் மீட்சியின் அருமை விளங்கும். மண்டபம் கல்லால் ஆனது. பழுது நேர்ந்தாலும் சீர் செய்யலாம். பாசுரங்கள் ஏட்டில் இருக்கின்றன. ஆனால் அரையர்கள் கையில் தாளம் ஏந்தி, தலையில் குல்லாய் அணிந்து, இசையோடும் அபிநயத்தோடும் விண்ணப்பம் செய்யும் முறை எந்த ஏட்டிலும் முழுமையாக இல்லை. தந்தை பாட மகன் கேட்டு, தந்தை ஆட மகன் கண்டு வருவது அது. பெருமாளைத் தோளுக்கினியானில் எழுந்தருளப் பண்ணும் ஸ்ரீபாதம் தாங்கிகளின் நடையும் அப்படியே. கருவறையிலிருந்து வெளிப்படும்போது சிங்கம் போல் ஒரு நடை, திரும்பும்போது பாம்பு போல் ஒரு நடை. இதனைத் தோள்தான் தோளுக்குக் கற்பிக்க முடியும். ஒரு தலைமுறை இடையில் விட்டுப்போனால் மூன்றாம் தலைமுறைக்குச் சொல்லித்தர ஆளிருக்காது. ஈரங்கொல்லி ஒருவர் எஞ்சியிராவிடில் பெருமாளையே அறிந்திருக்க முடியாது என்றால், இந்த நடைகளையும் இசைகளையும் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? அவற்றை நினைவில் காத்திருந்து அடுத்தவர்க்குத் தந்தவர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

திருவாய்மொழி அருளிய நம்மாழ்வாரும் அந்நாட்களில் ஆழ்வார்திருநகரியைப் பிரிந்து மலைநாட்டில் இருக்க நேர்ந்தது. அவரை மீட்டுக் கொணர்ந்து, காடு மண்டிக் கிடந்த திருநகரியைத் திருத்தியவர் திருவாய்மொழிப் பிள்ளை. அவருடைய சீடராக விளங்கியவரே மணவாள மாமுனிகள். பெருமாள் ஊர் திரும்புவதற்கு ஓராண்டு முன்னர், 1370இல் அவதரித்தவர். பிரிவின் இறுதியில் பிறந்த அக்குழந்தையே வளர்ந்து, திருவரங்கத்தில் கோயில் ஒழுங்குகளைச் சீர்செய்து, நம்பெருமாள் திருமுன்பு ஓராண்டுக் காலம் திருவாய்மொழியின் ஈட்டு உரையை விரித்துரைத்தார். அந்த ஓராண்டும் மற்ற உற்சவங்களை நிறுத்திவைத்துப் பெருமாள் செவிசாய்த்தார் என்பர். விழா முழுமை பெற ஒரு மனிதரின் வாழ்நாள் அளவு காலம் தேவைப்பட்டது போலும்.

இன்றும் சில ஆண்டுகளில் திருவரங்கத்து வைகுண்ட ஏகாதசி மற்ற ஊர்களோடு ஒத்து வராமல் கார்த்திகையிலேயே வந்துவிடும். ஏறத்தாழ 19 ஆண்டுகளுக்கு ஒருமுறை இவ்வாறு நேரும். 2021ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் இங்கே பரமபத வாசல் திறந்தது. பிற தலங்களில் அடுத்த மாதமே திறந்தது. வெளியூரிலிருந்து வரும் அன்பர்கள் நாட்காட்டியை மட்டும் நம்பாமல் கோயிலில் கேட்டறிந்து புறப்படுவது நலம்.

அவ்வாறு வருவோர் ஏகாதசியோடு சேவித்துத் திரும்பிவிடுவதே வழக்கமாகிவிட்டது. கூட்டம் குறைந்த பின்வரும் நாட்களில்தான் விழாவின் உட்பொருள் இருக்கின்றது. எட்டாம் நாள் திருமங்கை மன்னன் வேடுபறி. இராப்பத்தின் நிறைவில் விடியற்காலையில் நம்மாழ்வார் மோட்சம். அதனை ஒருமுறையேனும் இருந்து சேவிக்க வேண்டும். வெள்ளை ஆடையும் துளசி மாலையும் அணிந்த ஆழ்வாரை அர்ச்சகர்கள் கைத்தலத்தில் ஏந்தி வந்து, நம்பெருமாளின் திருவடிகளில் அவருடைய திருமுடி படியுமாறு சேர்க்கின்றனர். துளசியை இட்டு இட்டு, ஆழ்வார் திருமேனி முழுதும் மறையும்படி மூடுகின்றனர். மண்டபத்தில் ஓசை அடங்குகின்றது. ஆழ்வார் பரமபதம் அடைந்துவிட்டார்.

சற்று நேரத்தில் அடியார்கள் சார்பில் பெருமாளிடம் ஒரு விண்ணப்பம் எழுகின்றது: உலகம் உய்வதற்காக ஆழ்வாரை மீண்டும் எங்களுக்குத் தந்தருள வேண்டும் என்பது. பெருமாள் இசைகின்றார். துளசி விலக்கப்படுகின்றது. ஆழ்வாரின் திருமுகம் மெல்ல வெளிப்படுகின்றது. மாலை சாற்றி, மரியாதைகள் செய்து, அவரை அவருடைய இடத்திற்கு எழுந்தருளச் செய்கின்றனர். பின் இயற்பா சாற்றுமுறை நிறைவேறி நம்பெருமாள் கருவறைக்குத் திரும்புகின்றார். அங்கே திருவரங்க மாளிகையார் எழுந்தருளியிருக்கின்றார்.