சுரண்டுவதற்கு முன்

மோடத்துக்கு இணைய டாப்-அப் வேண்டும் என்று கேட்கிறார் ஒரு பாட்டி. கடைக்காரர் 50 வெள்ளி வாங்கிக்கொண்டு வேறு நிறுவனத்தின் அட்டையைக் கொடுக்கிறார். பாட்டி அங்கேயே சுரண்டிவிடுகிறார். வீட்டில் அந்த எண் வேலை செய்யவில்லை. "சுரண்டிய அட்டையைத் திரும்ப வாங்க முடியாது" என்கிறார் கடைக்காரர். எண்ணை யாராவது பயன்படுத்தியிருக்கலாம் என்ற அவர் பயத்திலும் நியாயம் உண்டு. ஆகவே சுரண்டுமுன் நிறுவனத்தின் பெயரைப் படியுங்கள்; ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

கேட்டது ஒன்று, கொடுத்தது வேறு என்றால் பணத்தைத் திரும்பக் கேட்பதில் கூச்சம் எதற்கு? கடையில் தீராவிட்டால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். கட்டணம் 5 வெள்ளிதான். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. ரசீதையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு பாட்டியே போய்ப் பேசலாம்.