மாற்றுக் கருத்தினரிடம் வழக்குரைத்தல்

(விழாவில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருவள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அவையறிதலுக்குத் தனியே வேறோர் அதிகாரம் வகுத்தார். பேசத் தெரிவது ஒன்று. கேட்பவர் யாரெனத் தெரிவது மற்றொன்று. முன்னது இருந்தும் பின்னது இல்லாமையால் தோற்ற நல்ல வழக்குகள் உலகில் பல. அரசியலில் இக்குறை மிகுதி. தம் கட்சியார் கைதட்டி மகிழும் சொற்களையே மாற்றுக் கட்சியாரிடமும் சொல்லிவிட்டு, அவர் மனம் மாறவில்லையே என வருந்துவோர் எங்கும் உளர். அவர் மனம் மாறுவதற்கு என்ன செய்தல் வேண்டும் என்பதை, இங்கிலாந்தில் அடிமை வாணிகத்தை ஒழித்த இயக்கத்தின் வரலாறு காட்டுகிறது.

18ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கப்பல்கள் ஆப்பிரிக்க மக்களை விலங்கிட்டு, மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு சென்று விற்றன. லிவர்பூல், பிரிஸ்டல் முதலிய துறைமுகங்கள் அதனால் செழித்தன. அதனைத் தீவினை எனக் கண்டித்தோருள் குவேக்கர் என்னும் சிறு சமயக் குழுவினர் முன்னின்றனர். 1783இல் அவர்கள் நாடாளுமன்றத்திற்கு விண்ணப்பம் அளித்தனர்; பயன் விளையவில்லை. அவர்கள் சொன்னது உண்மையே. ஆயினும் உடையாலும் பேச்சாலும் வேறுபட்டு நின்ற அவர்களைப் பிறர் தம்மவராக எண்ணவில்லை. 1787 மே 22 அன்று இலண்டனில் 12 பேர் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். அவர்களுள் ஒன்பதின்மர் குவேக்கர். மூவர் நாட்டின் பெருந்திருச்சபையைச் சேர்ந்தவர். அம்மூவருள் ஒருவரான கிரான்வில் ஷார்ப் தலைமை ஏற்றார். நாடாளுமன்றத்தில் பேசும் பொறுப்பை வில்லியம் வில்பர்போர்ஸ் ஏற்றார். சொல்பவர் யார் என்பதையும் கேட்போர் எடைபோடுவர் என்பதைக் குவேக்கர்கள் உணர்ந்து, தாம் பின்னின்று உழைத்தனர்.

எதிர்த்தரப்பினர் அனைவரும் இரக்கமற்றோர் அல்லர். கடற்படை மெலிந்துவிடுமே என்று சிலர் அஞ்சினர். வாணிகம் குன்றிவிடுமே என்று சிலர் அஞ்சினர். அடிமைக் கப்பல்கள் மாலுமிகளின் பயிற்சிக் களம் என்பதே அந்நாளில் வலுவான வாதம். தாமஸ் கிளார்க்சன் துறைமுகம் துறைமுகமாகச் சென்றார்; கப்பல்களின் பணியாளர் பட்டியல்களைத் தேடினார்; சுமார் 20,000 மாலுமிகளின் விவரங்களைத் திரட்டினார். ஆப்பிரிக்கக் கரையின் நோயாலும் கப்பல் தலைவர்களின் கொடுமையாலும் அவ்வாணிகத்தில் மாலுமிகளே பெருந்தொகையாக மாண்டமையை அப்பட்டியல்கள் காட்டின. பயிற்சிக் களம் எனப்பட்டது மாலுமிகளின் புதைகுழி என நிறுவப்பட்டது. வணிகர்க்கு அவர் வேறொரு சான்று வைத்திருந்தார். ஒரு மரப்பெட்டியில் ஆப்பிரிக்காவின் தந்தம், மிளகு, பருத்தி, நெய்த துணி, மரவகைகள் ஆகியவற்றைச் சேர்த்து எங்கும் கொண்டு சென்று காட்டினார். மனிதரை விலைக்கு வாங்காமலே அந்நாட்டோடு வாணிகம் செய்யலாம் என்பதை அப்பெட்டி புலப்படுத்தியது.

இத்துணை முயன்றும் 1791இல் வில்பர்போர்ஸின் தீர்மானம் தோற்றது; ஆதரவு 88, எதிர்ப்பு 163. பின்னர் நிலை மேலும் இறுகியது. பிரெஞ்சுப் புரட்சி முற்றியது. பிரெஞ்சுக் குடியேற்றமான செயின்ட் டொமிங்கோவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். 1793இல் பிரான்சோடு போர் மூண்டது. உரிமை, விடுதலை என்னும் சொற்கள் பகைவர் சொற்களாயின. அவற்றைச் சொன்னவர் நாட்டுப்பற்று ஐயத்திற்கு உள்ளானது. வழக்கின் நியாயம் குறையவில்லை. அதனைத் தாங்கிய சொற்களே கேட்போர் செவியில் பொருள் மாறின.

அந்நிலையில் ஜேம்ஸ் ஸ்டீபன் என்னும் வழக்கறிஞர் புதுவழி கண்டார். கடல்சார் சட்டத்தில் வல்லவரான அவர், நடுநிலை நாடுகளின் கொடி பகைவரின் வாணிகத்தைக் காப்பதை 1805இல் ஒரு நூலாக விளக்கினார். பிற நாட்டுக் குடியேற்றங்களுக்குப் பிரிட்டிஷார் அடிமைகளைக் கொண்டு சேர்ப்பதும் போட்டியாளரின் தோட்டங்களையே வளர்க்கும். ஆகவே அதனைத் தடுப்பது நாட்டின் நலன் என்பது 1806இல் கொண்டுவரப்பட்ட மசோதாவின் அடிப்படை. அரசே அதனை முன்மொழிந்தது. வில்பர்போர்ஸ் முன்னே வந்து முழங்கவில்லை. நாட்டுப்பற்றின் பெயரால் ஒழிப்பை எதிர்த்து வந்தோர், அதே நாட்டுப்பற்றின் பெயரால் வந்த சட்டத்தை மறுக்க இயலாது தவித்தனர். சட்டம் நிறைவேறியது. பிரிட்டிஷ் அடிமை வாணிகத்தின் பெரும்பகுதி அதனால் தடைப்பட்டது.

இது சூழ்ச்சியன்றோ என்று வாய்மையைப் போற்றுவோர் கேட்பர். கேட்கத்தக்க கேள்வியே. கிளார்க்சன் காட்டிய பட்டியல் பொய்யன்று. ஸ்டீபன் உரைத்த காரணமும் பொய்யன்று. ஒரு செயலுக்குப் பல காரணங்கள் இருக்க, கேட்பவர் மதிக்கும் காரணத்தை முதலில் எடுத்துரைப்பது ஏமாற்றுதல் ஆகாது. இல்லாத காரணத்தைப் புனைவதே ஏமாற்றுதல். எனினும் உள்நோக்கத்தை மறைத்துக் காத்த மௌனம் முழு வெளிப்படையன்று என்பதையும் ஒப்புதல் வேண்டும். அம்மௌனம் நெடுநாள் நீடிக்கவில்லை. அடுத்த மாதமே, 1806 ஜூன் 10 அன்று, அடிமை வாணிகம் நீதிக்கும் மனிதநேயத்திற்கும் மாறானது என்னும் தீர்மானத்தைச் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் வெளிப்படையாகவே கொணர்ந்தார். 114க்கு 15 என அது வென்றது. 1807 பிப்ரவரி 23 அன்று ஒழிப்பு மசோதா 283க்கு 16 என வெற்றி பெற்றது.

மாற்றார் மதிப்பதை ஏற்றுப் பேசுவதற்கு விலையும் உண்டு. 1833இல் அடிமைமுறையையே ஒழிக்கும் சட்டம் வந்தபோது, எதிர்த்தரப்பினர் போற்றிய சொத்துரிமை மதிக்கப்பட்டது. அடிமைகளை வைத்திருந்தோர்க்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கப்பட்டது. அடிமைப்பட்டு உழைத்தவர்க்கு ஒரு காசும் இல்லை. பணிப்பயிற்சி என்னும் பெயரில் 1838 வரை பழைய உடைமையாளரிடமே அவர்களுள் பெரும்பாலோர் உழைக்க நேர்ந்தது. மனிதன் உடைமையல்லன் என்று தொடங்கிய வழக்கு, மனிதனுக்கு விலை கொடுத்து முடிந்தது. ஆகவே எதிரில் இருப்பவர் மொழியில் பேசும்போதும், எதனை ஒருபோதும் விட்டுக்கொடுப்பதில்லை என்ற உறுதி பேசுபவர் உள்ளத்தில் இருத்தல் வேண்டும்.

இன்று ஒரே வீட்டில் தந்தை ஒரு கட்சி, மகன் ஒரு கட்சி. தேர்தல் வந்தால் உணவு வேளையில் குரல் உயர்கிறது. பின்னர்ப் பேச்சே நின்றுவிடுகிறது. மகன் உரிமை என்கிறார். தந்தை கட்டுப்பாடு என்கிறார். மகன் சொல்லும் மாற்றத்தால் குடும்பமும் ஊரும் எவ்வாறு கட்டுக்குலையாமல் நிற்கும் என்பதைத் தந்தைக்கு விளக்குவார் யாரும் இல்லை. தந்தை சொல்லும் ஒழுங்கு எளியவரின் உரிமையை எவ்வாறு காக்கும் என்பதை மகனுக்கு விளக்குவாரும் இல்லை. அவ்வாறு விளக்க முற்படுபவர், முதலில் மற்றவர் எதற்கு அஞ்சுகிறார், எதனைப் போற்றுகிறார் என்று கேட்டறிய வேண்டும். கிளார்க்சன் துறைமுகங்களுக்குச் சென்றது அதற்காகவே. அங்ஙனம் கேட்டறியும்போது, தம் கருத்திலும் ஒரு திருத்தம் வேண்டுமெனத் தோன்றினால், அதுவும் நன்றே.