தீக்கோடு வெட்டியவர்களின் பெயர்ப் பட்டியல்

(வல்லத்திராக்கோட்டையில் நிகழ்த்திய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேடைக்குப் பின்னால் படமாக இருக்கிற நம் மாமாவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். உயிரோடு இருந்திருந்தால், "என்னயப் பத்தி என்னப்பா பேச்சு, வேலையப் பத்திப் பேசுங்க" என்றிருப்பார். ஆகவே அவர் செய்த வேலையைப் பற்றியே பேசுகிறோம். காட்டுக்குத் தீ வைக்கிற வேலை. இலக்கிய அமைப்பின் மேடையில் இதை ஏன் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். கடைசியில் அந்தக் கேள்விக்கு வருவோம்.

நெருப்பு என்றதும் நமக்கு முதலில் எது நினைவுக்கு வருகிறது? 1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணி. ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள். பிறகு 2012 நவம்பர் 7, தருமபுரி நாயக்கன்கொட்டாய். இது நம் வீட்டை எரிக்க வந்த நெருப்பு. இன்னொன்று, பிறப்பைக் காட்டி நம் தலையில் கட்டிய சுடுகாட்டு நெருப்பு. இந்த இரண்டைப் பற்றியும் நாம் நிறைய எழுதிவிட்டோம். மூன்றாவதாக ஒரு நெருப்பு இருக்கிறது. காற்றையும் பனியையும் புல்லையும் படித்து, நம் ஆட்கள் தங்கள் அறிவால் வைத்து, தங்கள் அறிவால் அணைத்த நெருப்பு. அதைப் பற்றி நாமே ஒரு வரி எழுதியதில்லை.

1974இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். காகிதக் கூழுக்கான தைல மரம், நம் ஊர் வாயில் ஆர்.எஸ்.பதி, இந்த மாவட்டத்தின் செம்மண் மேடுகளில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை வரும் வழியெங்கும் பார்த்திருப்பீர்கள். ஆடு மேய்த்த, சுள்ளி பொறுக்கிய நிலம் மரத்தோட்டமானது. மேய்த்தவர்களும் பொறுக்கியவர்களும் அதே நிலத்தில் பருவக் கூலிகளானார்கள்.

தைல இலையில் எண்ணெய் இருக்கிறது. பட்டை நாராக உரிந்து தொங்கும். தை பிறந்து பனி குறையும்போது சருகு முழங்கால் வரை கிடக்கும். ஒரு பீடித் துண்டு போதும். பட்டை எரிந்தபடியே பறந்து அடுத்த காட்டில் போய் விழும். அதனால் பெருந்தீ வருவதற்கு முன் சிறுதீ வைத்துச் சருகைத் தீர்த்துவிட வேண்டும். அதற்குத்தான் தீக்கோடு, வேலைக்குப் போகிறவர்கள் சொல்வதுபோல 'ஃபயர் லைன்'.

பார்க்கிறவர்களுக்கு இது குப்பையைக் கொளுத்துகிற வேலை. உண்மையில் என்ன நடக்கும்? முதலில் இரண்டு பக்கமும் புல்லையும் புதரையும் செதுக்கி வெறும் மண்ணாக்க வேண்டும். செதுக்கியதை நடுவில் இழுத்துப் போட்டுக் காய விட வேண்டும். பிறகு காற்று அடங்குகிற நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். மாமா ஒரு பிடி புழுதியை எடுத்துத் தூவிப் பார்ப்பார். அது நேராக விழுந்தால்தான் தீப்பெட்டியைத் தொடுவார். காற்றை எதிர்த்து நகரும்படி வைத்தால் தீ மெல்ல, தாழ்வாக எரியும். காற்றோடு போகவிட்டால் மரத்தின் உச்சிக்கு ஏறிவிடும். இரு ஓரமும் பச்சைக் குழையும் மண்வெட்டியுமாக ஆட்கள் நடப்பார்கள். பெண்கள் குடத்தில் தண்ணீரோடு பின்னால் வருவார்கள். கடைசிப் புகை அடங்கிய பிறகும் கையை மண்மேல் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு. இத்தனையும் தெரிந்தவருக்குப் பட்டியலில் இருந்த பெயர் 'கூலியாள்'.

ஒரு பங்குனியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்களில் நான்கு பேர் அன்று அந்த வேலையில் இருந்தோம். அன்றே முடித்தாக வேண்டும், உச்சி வெயிலிலேயே வையுங்கள் என்றார் மேற்பார்வையாளர். மாமா புழுதியைத் தூவினார். அது பக்கவாட்டில் பறந்தது.

"காத்து அடங்கலங்கய்யா. சாயங்காலம் வைக்கிறோம்."

"சொன்னதைச் செய். காத்து பாக்குறது உன் வேலை இல்ல."

மாமா தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு விலகி நின்றார். வேறொருவரை வைத்துக் கொளுத்தினார்கள். தீ கோட்டைத் தாண்டியது. பக்கத்து முந்திரிக் காட்டில் நான்கு மரம் கருகிய பிறகுதான் எங்களால் அணைக்க முடிந்தது. ஒருவருக்கு இரண்டு காலும் கொப்பளித்துவிட்டன. போட்டிருந்தது ரப்பர் செருப்பு. மறுநாள் எழுதப்பட்ட புகாரில், கவனக்குறைவாகத் தீ வைத்தவர் என்று மாமாவின் பெயர் இருந்தது. பத்தாண்டுக்கு மேல் அவர் வெட்டிய எந்தக் கோட்டுக்கும் அவர் பெயர் எழுத்தில் கிடையாது. முதன்முதலாக எழுத்தில் வந்தது அந்தப் புகாரில்தான்.

இது ஒரு மேற்பார்வையாளரின் குணத்தோடு முடிகிற கதையா? அப்படி நாங்கள் நினைக்கவில்லை. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். பிரிவு 26 ஒதுக்குக் காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்குகிறது. பிரிவு 79, காட்டில் உரிமையோ வேலையோ உள்ளவர்கள் தீயை அணைக்க உதவியே ஆக வேண்டும் என்கிறது. தீயைப் பற்றிய நம் அறிவு குற்றம், நம் உடம்பு கட்டாயம். அந்த மேற்பார்வையாளர் வாயில் வந்தது இந்தப் பழைய சிந்தனைதான்.

சத்தியமங்கலத்துக்கு வடக்கே பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர்களிடம் 'தரகு பெங்கி' என்றொரு வழக்கம் இருந்தது. சருகுத் தீ என்று பொருள். ஜனவரி வாக்கில், புல் முழுதும் காய்வதற்கு முன், தாழ்வாக எரித்துவிடுவார்கள். 1974இல் அந்த மலை சரணாலயமானது. தீயும் தடைபட்டது. அதன் பிறகுதான் உண்ணிச்செடி காட்டை அடைத்துக்கொண்டது, இப்போது தீப்பிடித்தால் மரத்தையே தின்கிறது என்று அந்த மக்கள் சொல்கிறார்கள். ஆய்வாளர்கள் அவர்களோடு அமர்ந்து அதைப் பதிவும் செய்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஆர்னம் நிலத்தில் 2006 முதல் பூர்வகுடிகளின் முன்பருவத் தீ, ஊதியம் பெறும் வேலையாகவே நடக்கிறது. அறிவை அறிவாக ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

ஏற்காவிட்டால் என்ன ஆகும்? 2020 பிப்ரவரி 16. கேரளத்தில் திருச்சூர் மாவட்டம் கொற்றம்பத்தூர். காகிதத்துக்காக வளர்த்த அகேசியா தோட்டத்தில் பிடித்த தீயை அணைக்கப் போன மூன்று பேர் மாண்டார்கள். மூவரும் காவல் வேலையிலும் கூலி வேலையிலும் இருந்தவர்கள். 2018 மார்ச் 11 குரங்கணித் தீயை நாடே பேசியது. மலையேறப் போய் மாண்டவர்களுக்காக நாமும் அழுதோம். கொற்றம்பத்தூர் என்ற பெயரை இந்த அரங்கில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? பணக்கார நாட்டிலும் கதை இதுதான். கலிஃபோர்னியாவில் காட்டுத்தீயோடு போராடிய சிறைக்கைதிகளுக்குப் பல ஆண்டுகள் கிடைத்தது மணிக்கு ஏறத்தாழ ஒரு டாலர். விடுதலையான பிறகு அதே வேலைக்குப் போக அவர்களின் குற்றப் பதிவு தடையாக நின்றது. 2020இல்தான் அந்தத் தடையைத் தளர்த்தச் சட்டம் வந்தது.

இனி ஒரு கணக்கு. தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டின் நிரந்தரத் தகுதிச் சட்டம், 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்கிறது. தீக்காலம் பிப்ரவரி முதல் ஜூன் வரை. ஒரு நாள் விடாமல் போனாலும் ஆண்டுக்கு 150 நாள். இரண்டு ஆண்டுக்கு 300. இருபது வருடம் தீயோடு நின்றாலும் நம் ஆள் புது ஆள்தான். மீதி ஏழு மாதம் அவர் என்ன சாப்பிடுவார் என்பது எந்தக் கணக்கிலும் இல்லை.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அண்ணல் அம்பேத்கர் மகர் வதன் முறையை எதிர்த்து மசோதா கொண்டுவந்தார். ஊர் எப்போது கூப்பிட்டாலும் ஓட வேண்டும்; வேலைக்கு நேரமில்லை, அளவில்லை, மறுக்கும் உரிமையில்லை. அதுதான் அவர் பார்த்த அடிமைத்தனம். இன்று செயற்கைக்கோள் தீயைப் பார்த்துக் கைபேசிக்குத் தகவல் அனுப்புகிறது. தகவல் வந்த பிறகு குழையோடு ஓடுகிறவருக்கு அந்த மறுக்கும் உரிமை வந்துவிட்டதா?

எங்கள் கோரிக்கைகள் சுருக்கமானவை. தீ வேலைக்குப் போகிறவரின் பெயரும் அவர் கற்ற வேலையும் பதிவேட்டில் ஏற வேண்டும். காலுக்குப் பூட்ஸ், உடலுக்குக் காப்பீடு, தீக்காலம் முடிந்தபின் அதே காட்டில் நடவு, காவல் வேலை. எல்லாவற்றுக்கும் மேலாக, "காத்து சரியில்லை, வைக்க மாட்டேன்" என்று சொல்கிறவரைத் தண்டிக்கக் கூடாது. மற்றவை கிடைத்து இது கிடைக்காவிட்டால் நாம் பூட்ஸ் போட்ட கூலியாட்கள், அவ்வளவுதான்.

இப்போது அந்த முதல் கேள்வி. புகார் விழுந்த பிறகுதான் மாமா நம் அமைப்புக்கு வந்தார். நம் இரவு வகுப்பில் எழுதக் கற்றார். கவிதை எழுதுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். எந்த நாள், எந்தத் துண்டு, காற்று எந்தப் பக்கம், பனி இருந்ததா, யார் யார் வந்தார்கள், யாருக்குக் காயம் என்று எழுத ஆரம்பித்தார். கூட வந்த அத்தைமார், சின்னம்மாமார் பெயர்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அடுத்த முறை ஒரு தகராறு வந்தபோது அந்த நோட்டைத்தான் மேசைமேல் வைத்தோம். அந்த முறை யார் மீதும் பொய்ப் புகார் எழுத முடியவில்லை.

நம் இலக்கியம் செய்ய வேண்டிய வேலைகளில் அதுவும் ஒன்று. தம்பிகளே, தங்கைகளே, ஊருக்குத் திரும்பியதும் ஒரு நோட்டு வாங்குங்கள். உங்கள் தெருவிலிருந்து காட்டு வேலைக்கும் சூளைக்கும் சுடுகாட்டுக்கும் போகிறவர்களிடம் உட்கார்ந்து, அவர்களுக்குத் தெரிந்ததை அவர்கள் சொல்கிறபடியே எழுதுங்கள். பெயரோடு எழுதுங்கள். அடுத்த ஆண்டு இதே நாளில் அந்த நோட்டுகளை இந்த மேசைமேல் வைப்போம்.

ஜெய்பீம்.