ஒரு சிலை போதும்

லீவு நாளில் பிள்ளைகளோடு சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் போகிறீர்களா? 1851-இல் தொடங்கிய இடம். ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டிவிட ஓடாதீர்கள். பிள்ளைகளுக்குக் கால்வலிதான் மிஞ்சும். நேராக வெண்கலச் சிலைக் கூடத்துக்குப் போங்கள். திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் நிறுத்தி, "எந்தக் காலைத் தூக்கியிருக்கார், சொல்லு?" என்று கேளுங்கள். சின்னது உடனே ஒற்றைக் காலில் நின்று பார்க்கும். பார்க்கட்டுமே!

பிறகு இப்படிப்பட்ட சிலையை எப்படி வார்ப்பார்கள் என்று மெல்லச் சொல்லுங்கள்: முதலில் மெழுகில் உருவம் செய்வார்கள். மேலே களிமண் பூசிச் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியபின் மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அந்த அச்சில் இன்னொன்று வார்க்கவே முடியாது. இதைக் கேட்டதும் பிள்ளைகள் திரும்பி இன்னொரு தடவை பார்ப்பார்கள். அப்போது அவசரப்படுத்தாமல் கூடவே நில்லுங்கள்.