ஆறு அவருக்குச் சாகக் கற்றுத்தரவில்லை

துடுப்புப் பிடித்துக் காய்த்துப்போன கைகளோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களே!

ஃபிரெடரிக் செப்டிமஸ் கெல்லியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1881-இல் இதே சிட்னியில் பிறந்தவர். இங்கே சிட்னி கிராமர் பள்ளியிலும், பிறகு இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியிலும் படித்தவர். 1899-இல் ஈட்டன் படகுக்குத் தாளம் கொடுக்கும் துடுப்பாளராக இருந்து ஹென்லி படகுப் போட்டியில் வெற்றி தேடித்தந்தவர். தனியாள் படகில் டைமண்ட் ஸ்கல்ஸ் கோப்பையை மூன்று முறை வென்றவர். 1905-இல் அவர் எடுத்துக்கொண்ட நேரம் 8 நிமிடம் 10 விநாடி. 1938 வரை அதை யாராலும் முறியடிக்க முடியவில்லை! 1908 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டுத் துடுப்புப் படகில் தங்கம்.

1916 நவம்பர் 13 அன்று பிரான்ஸில், முதல் உலகப் போரின் சோம் போர்க்களத்தில், ஒரு இயந்திரத் துப்பாக்கி நிலையை நோக்கித் தன் வீரர்களோடு பாய்ந்தபோது கொல்லப்பட்டார். வயது 35.

இப்படிப்பட்டவர்களின் நினைவு நாளில் மேடைக்கு மேடை ஒரு பேச்சு கேட்கிறது. ஆற்றில் கற்ற ஒழுங்குதான் அவர்களைப் போர்வீரர்களாக்கியது, விளையாட்டின் நீட்சிதான் போர் என்கிறார்கள். வாட்டர்லூ வெற்றியே ஈட்டனின் விளையாட்டுத் திடலில் கிடைத்தது என்று தளபதி வெலிங்டன் சொன்னதாகவும் சேர்த்துக்கொள்கிறார்கள். அவர் அப்படிச் சொன்னதற்குச் சான்றே கிடையாது. பொய்யான வாக்கை வைத்துப் பிள்ளைகளுக்குச் சாவைக் கற்பிக்கும் இந்தப் பழக்கத்தை நான் எதிர்க்கிறேன்!

படகுப் போட்டியில் தோற்றவன் கரையேறி வீட்டுக்குப் போகிறான். அடுத்த ஆண்டு மறுபடி வருகிறான். 1908-இன் அந்தத் தங்கப் படகில் ஒன்பது பேர் இருந்தார்கள். சுக்கான் பிடித்த மக்லகன் 1915-இல் கொல்லப்பட்டார். மறு ஆண்டு கெல்லி. 1918-இல் சாண்டர்சன். ஒரே படகில் மூன்று பேர்! எந்த ஆறு இதைச் செய்தது?

கெல்லி கொல்லப்பட்ட அந்த நவம்பர் தாக்குதல் ஏன் நடந்தது தெரியுமா? சோம் போர் தொடங்கி நான்கு மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தது. களம் முழுக்கச் சேறு. இரண்டு நாள் கழித்து பிரான்ஸின் ஷான்டியியில் நேச நாட்டுத் தளபதிகள் கூடவிருந்தார்கள். அங்கே காட்டுவதற்கு ஒரு வெற்றி வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். சோமில் பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் மாண்டவர், காயம்பட்டவர், காணாமற்போனவர் என்று நாலு லட்சத்துக்கும் மேல். இந்தக் கணக்கைச் சொல்லாமல் வீரத்தை மட்டும் பாடுவது இறந்தவருக்குச் செய்யும் துரோகம்.

கெல்லி வெறும் துடுப்பாளரா? பியானோ கலைஞர், இசையமைப்பாளர். ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் ஆண்டுக்கணக்கில் தங்கி இசை படித்தவர். ஆசிரியர்களைக் கொடுத்த நாட்டின் மீதே அவரைத் துப்பாக்கியோடு அனுப்பினார்கள்! 1915 ஏப்ரலில் கலிபோலிப் போர்முனைக்குப் போகும் வழியில் அவருடைய நண்பர், கவிஞர் ரூபர்ட் புரூக், நோயில் இறந்தார். கிரேக்கத்தின் ஸ்கைரோஸ் தீவில், இரவில், அவரை அடக்கம் செய்தவர்களில் கெல்லியும் ஒருவர். பிறகு கலிபோலிப் போர்முனையிலேயே நண்பருக்காக ஓர் இரங்கலிசையை எழுதத் தொடங்கினார். காயம்பட்டு அலெக்சாண்டிரியா மருத்துவமனையில் கிடந்தபோதும் அதை விடவில்லை. தந்தி வாத்தியங்களுக்கான ‘எலிஜி’ அது. குண்டுகளுக்கு நடுவில் ஒரு மனிதன் எதைக் காப்பாற்ற நினைத்தான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அவர் கோழை என்றா சொல்கிறேன்? இல்லை. கலிபோலியில் வீரப் பதக்கம் பெற்றவர். அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் அந்தத் துணிச்சலைச் செலவழித்தவர்களை நோக்கிக் கேள்வி கேட்காத அஞ்சலியை என்னால் ஏற்க முடியாது.

பள்ளிகளுக்கு என் கோரிக்கை இதுதான். நினைவுப் பலகையில் பதவியையும் பட்டாலியனையும் மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அவர் படகோட்டிய நேரத்தை எழுதுங்கள், அமைத்த இசையை எழுதுங்கள். வருகிற ஏப்ரல் 25, போர் நினைவு நாளன்று எக்காளம் ஊதி முடித்ததும், நம் பிள்ளைகளின் வயலின்கள் அந்த ‘எலிஜி’யை வாசிக்கட்டும். இவர் ஏன் செத்தார் என்று பிள்ளைகள் கேட்டால், ஷான்டியி கூட்டத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள்.