தேடுசொல் என்னும் திறவுகோல்



சமூக ஊடகங்களில் மக்கள் எழுதுவதைத் தொடர்ந்து கவனிக்கும் வேலையை இன்று காவல்துறையும் செய்கிறது, தன்னார்வலர்களும் செய்கிறார்கள். அந்த வேலையின் உயிர் தேடுசொல்லில்தான் இருக்கிறது. அதைத் தேர்வதை ஒரு கலை என்றே மதிக்கிறேன். திருத்தணி முருகன் கோயிலின் ஆடிக் கிருத்திகைத் திருவிழாவை வைத்தே இதைப் பார்ப்போம்.

பூக்காவடிகள் மலையேறும் அந்நாளில் 'முருகன்' என்று தேடினால் பாடல்களும் படங்களும் வந்து குவியும். நெரிசலில் தவிப்பவரின் பதிவு அடியில் புதைந்துவிடும். சரி, 'திருத்தணி' என்று தேடலாமா? அவசரத்தில் றன்னகரம் போட்டு 'திருத்தனி' என்று எழுதுபவர்கள் உண்டு. ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். சில கருவிகளில் ஊர்ப்பெயரை மட்டும் கொடுத்தால் 'திருத்தணியில்', 'திருத்தணிக்கு' என்பவை சிக்குவதில்லை. உருபேற்ற வடிவங்களையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். இந்த ஊர் 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆந்திரத்துப் பக்தர்கள் இன்றும் திரளாக வருகிறார்கள். தெலுங்கு எழுத்திலும் தேடாவிட்டால் அவர்கள் குறை நம்மை எட்டாது.

ஊர்ப்பெயரோடு இடப்பெயரையும் தேவையையும் இணைத்தால் தேடல் கூர்மையாகும். 'சரவணப் பொய்கை' ஒரு பக்கம். 'தண்ணி இல்ல', 'வரிசை நகரல', 'குழந்தையக் காணோம்' மறுபக்கம். 'குடிநீர்த் தட்டுப்பாடு' என்பது அலுவலகக் கோப்பின் மொழி. தாகத்தில் நிற்பவர் அப்படி எழுதுவதில்லை. ஆகவே முந்தைய திருவிழாக்களின் பதிவுகளைக் கையால் படித்து, மக்கள் எழுதிய சொற்களையே எடுத்துக்கொள்வதுதான் இந்தக் கலையின் முதல் பாடம்.

விலக்கும் சொல்லில் இன்னும் கவனம் வேண்டும். பக்திப் பதிவுகளைத் தவிர்க்க 'முருகா' என்பதை விலக்கினால், 'முருகா, கூட்டத்துல மாட்டிக்கிட்டோம்' என்று எழுதியவரையும் சேர்த்தே விலக்கிவிடுவோம்.

நல்ல தேடுசொல்லின் பலனுக்குத் திருத்தணிக்கு வெளியேயும் சான்று உண்டு: 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் 'சென்னை ரெயின்ஸ் ஹெல்ப்' என்ற குறிச்சொல் உதவி கேட்டவரையும் உதவ வந்தவரையும் ஓரிடத்தில் சேர்த்தது. வெறும் 'மழை' என்ற சொல்லால் அது முடிந்திராது. ஆனால் மீட்கப்பட்டவர்களின் பழைய வேண்டுகோள்களும் திரும்பத் திரும்பப் பகிரப்பட்டன. சொல் கிடைத்தால் மட்டும் போதாது, பதிவின் நேரத்தையும் உண்மையையும் சரிபார்க்க ஆள் வேண்டும் என்பதை அந்த நாட்கள் கற்பித்தன.

இந்தக் கலைக்கு எல்லையும் உண்டு. திருத்தணி மலையின் 365 படிகளையும் காவடியோடு ஏறும் முதியவர் எதையும் பதிவிடுவதில்லை. எவ்வளவு நல்ல தேடுசொல்லும் அவரைக் காட்டாது. அவருக்காகப் படியோரம் தொண்டர்கள் நிற்கத்தான் வேண்டும். தேடுசொல்லை நேர்த்தியாகத் தேருங்கள். திரையில் ஒன்றும் வரவில்லை என்பதால் மலையில் குறையே இல்லை என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள்.