தேசிக்காய்த் தோலுக்குள்ளே

நோன்பு மாதத்து மாலைகளில் நுரைச்சோலைக் குசினிகளில் தேசிக்காய் மணம்தான். சாறு சர்பத்துக்குப் போகும், தோல் வளவு மூலைக்குப் போகும். பெரிய சாறு ஆலைகளிலும் இதே கதைதான். தோடம்பழத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தோலும் சக்கையுமாக மிஞ்சிவிடும்.

பிழிந்த தோலை மடித்து, மெழுகுதிரிச் சுடருக்குப் பக்கத்தில் வைத்து அழுத்திப் பாருங்கள். சடசடவென்று பொறி பறக்கும். தோலின் நுண்ணிய பைகளில் இருக்கும் எண்ணெய்தான் அப்படிப் பற்றுகிறது. வாசனைப் பொருளுக்கும் கிறீஸ் கழுவவும் அதை உலகமெங்கும் வாங்குகிறார்கள்.

என்னை அதிகம் வியக்கவைப்பது உள்ளே இருக்கும் வெள்ளைப் பஞ்சு. தோடம்பழத்தின் அந்தப் பகுதியிலிருந்து 1828இல் லெப்ரெத்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் ஹெஸ்பெரிடின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். எடுக்கும் முறையும் நமக்குப் புதிதல்ல. நறுக்கிய தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பார்கள். வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்பு. ஹெஸ்பெரிடின் நீரில் கரைந்து வரும். தோலை வழவழப்பாக்கும் பெக்டின் சுண்ணாம்போடு இறுகி அங்கேயே நின்றுவிடும். அதனால் வடிகட்டுவது சுலபம். வடித்த நீரில் அமிலம் விட்டு வைத்தால், வெளிர்நிறத் தூள் மெல்ல அடியில் படியும். அந்தத் தூளிலிருந்துதான் மூலவியாதிக்கும் கால் நாளப் புடைப்புக்கும் கொடுக்கும் டயோஸ்மின் மாத்திரையைச் செய்கிறார்கள். அதற்காகத் தோலை அவித்துக் குடித்தால் மூலம் மாறும் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். தோலில் பூச்சிமருந்தும் ஒட்டியிருக்கலாம்.

இனி வளவு மூலையில் கொட்டும் தோலுக்கு வருவோம். நுரைச்சோலை இருக்கும் கற்பிட்டிக் குடாநாடு மணல் பூமி. கிணறுகள் ஆழமில்லை; மேலே கொட்டுவது கீழே இறங்கிவிடும். உரத்தின் நைத்திரேற்று இந்தக் கிணறுகளில் ஏற்கெனவே இருக்கிறது. அழுகும் தோலின் புளித்த நீரும் அதோடு சேர வேண்டுமா?

ஹெஸ்பெரிடினுக்கு ஆய்வுகூடம் வேண்டும். எண்ணெய்க்கு அவ்வளவு தேவையில்லை. காலி, மாத்தறைப் பக்கம் கறுவா இலை எண்ணெய் வடிக்கிறார்களே, அதுபோல ஆவியில் வடிக்கலாம். நாலைந்து ஊர்க் கடைகளின் தோல் ஓரிடத்தில் சேர்ந்தால் ஒரு சங்கம் தொடங்கிப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். வடித்த பின் மிஞ்சும் சக்கையைக் காயவைத்து மாட்டுத் தீவனத்தோடு கலக்கலாம்.

தேசிக்காய் பிழிகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தோலின் எண்ணெய் கையில் இருக்க வெயிலில் நின்றால் கைத்தோல் கொப்பளித்துக் கறுத்துப்போகலாம். சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வெளியே இறங்குங்கள்.